பழைய இடங்களைத் திரும்பத் திரும்பப் படமெடுப்பது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

களியக்காவிளையிலிருந்து ஆரல்வாய்மொழி வரைக்கும், அப்புறம் மேலே செங்கோட்டை, ஆரியங்காவு, குமுளி என்று கேரள எல்லையை ஒட்டியே, மறக்கப்பட்ட இடங்களைத் தேடிப் பல வருஷமாகக் கேமராவோடு சுற்றிக்கொண்டிருக்கிறேன். படங்களைப் பார்க்கிறவர்கள் கேட்கும் கேள்விகள் பெரும்பாலும் ஒன்றுபோலவே இருக்கின்றன. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் பதில் எழுதி எழுதி, கடைசியில் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் எழுதிவைத்துவிட்டேன்.

மறக்கப்பட்ட இடம் என்று எதைச் சொல்கிறீர்கள்? பத்மநாபபுரம் அரண்மனையை யார் மறந்தார்கள்?

அரண்மனையை யாரும் மறக்கவில்லை. ஆனால் அந்த அரண்மனையைச் சுற்றி ஓடும் கருங்கல் கோட்டை மதிலை, அதன் மேல் வேர்விட்ட ஆலங்கன்றை, மதிலையே பின்சுவராக வைத்துக் கட்டிய வீடுகளை எத்தனை பேர் நின்று பார்த்திருக்கிறார்கள்? நான் சொல்வது அந்த மாதிரி இடங்கள். வழிப்போக்கர்கள் தங்கிப் போன வழியம்பலங்கள், சுமைதாங்கிக் கற்கள், குளக்கரைக் கல்மண்டபம், சங்கு முத்திரை போட்ட திருவிதாங்கூர் அஞ்சல் பெட்டி, மைல்கல், சானல் (பாசனக் கால்வாய்) கரையில் பாதி மண்ணுக்குள் போன மதகு.

இந்தப் பக்கத்தில் இவை அதிகம் மறக்கப்பட்டதற்கு ஒரு காரணம் இருக்கிறது. 1956 நவம்பர் 1 வரைக்கும் தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு, செங்கோட்டை எல்லாம் திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்தோடு இருந்தவை. எல்லை மாறி இவை தமிழ்நாட்டுப் பக்கம் வந்ததும் ஆவணங்கள் ஒரு பக்கமும் கற்கள் ஒரு பக்கமுமாகப் பிரிந்துவிட்டன. திருவனந்தபுரத்தில் இருக்கும் பழைய கோப்பில் ஒரு வழியம்பலத்தின் பெயர் இருக்கலாம், அந்த வழியம்பலம் தக்கலைப் பக்கம் எங்கோ வாழைத்தோப்புக்குள் கிடக்கும். இரண்டையும் சேர்த்துப் பார்க்க ஆள் இல்லை. பத்மநாபபுரம் அரண்மனையே தமிழ்நாட்டு மண்ணில் இருந்தாலும் இன்றும் கேரள அரசின் தொல்லியல் துறைதான் பராமரிக்கிறது. அரண்மனைக்கு அந்தக் கவனிப்பாவது கிடைத்தது, ஒரு சுமைதாங்கியை எந்த அரசு பார்க்கும்?

ஒரு தடவை நன்றாக எடுத்தால் போதாதா? ஏன் ஒரே இடத்துக்குப் போய்க்கொண்டே இருக்கிறீர்கள்?

இதற்கு ஒரு கல்லைக் காட்டித்தான் பதில் சொல்ல முடியும்.

திருவட்டாற்றுக்குப் போகும் கிளைச்சாலை ஒன்றின் வளைவில் ஒரு சுமைதாங்கி இருக்கிறது. நட்டுக்குத்தாக இரண்டு கற்கள், மேலே குறுக்கே ஒரு பலகைக்கல், அவ்வளவுதான். தலையில் சும்மாடு வைத்துச் சந்தைக்குச் சுமை கொண்டுபோகிறவர்கள், இறக்கிவிடவும் தூக்கிவிடவும் ஆள் இல்லாவிட்டாலும் தலையைச் சாய்த்து அந்தப் பலகைக்கு மாற்றிவிட்டு இளைப்பாறலாம். கர்ப்பிணியாக இருக்கும்போதே இறந்துபோன பெண்ணின் நினைவாக இதை நடுவது வழக்கம். இறக்க முடியாத சுமையோடு போனவளுக்காக, மற்றவர்கள் சுமையை இறக்கிவைக்க ஒரு கல். நம் ஊரில் இதைவிட ஆழமான நினைவுச்சின்னம் ஒன்றை நான் பார்த்ததில்லை.

2010-இல் முதல் படம் எடுத்தபோது பலகைக்கல் என் நெஞ்சளவு இருந்தது. கையால் அளந்தேன், தரையிலிருந்து ஐந்தரை ஜாண். அழகான படம், பின்னால் பலா மரம், காலை வெயில், எல்லாம் சரியாக அமைந்தது. மூன்று வருஷம் கழித்து அந்த வழியாகப் போனபோது மறுபடி ஒன்று எடுத்தேன், அதே மாதிரிதான் இருக்கிறது என்று நினைத்துக்கொண்டே. வீட்டுக்கு வந்து இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோதுதான் தெரிந்தது, கல் குட்டையாகியிருந்தது. கல் எங்கே குட்டையாகும், சாலைதான் உயர்ந்திருக்கிறது. ஒவ்வொரு முறை தார் போடும்போதும் பழையதைச் சுரண்டாமல் அதன் மேலேயே ஜல்லியைக் கொட்டி உருட்டிவிடுகிறார்கள், ஓரத்துக்கு மண் அடிக்கிறார்கள். யாரும் அந்தக் கல்லை இடிக்கவில்லை, யாருக்கும் அதன்மேல் கோபமில்லை. மெல்லப் புதைந்துகொண்டிருந்தது, அவ்வளவுதான். தினமும் அதைக் கடந்து போகிறவர்களுக்கு அது தெரிய வழியில்லை. எனக்கும் முதல் படத்தில் தெரியவில்லை, இரண்டாவது படம்தான் சொன்னது.

அன்றிலிருந்து அழகான படத்துக்காக அலைவதைக் குறைத்துக்கொண்டேன். ஒரே இடத்துக்கு இரண்டாவது, ஐந்தாவது, பத்தாவது தடவை போவதுதான் வேலை என்று ஆகிவிட்டது.

என்ன கேமரா வாங்கலாம்?

கையில் இருக்கும் போன் போதும். ஒரே ஒரு விஷயம்: போனில் உள்ள அகல லென்ஸை, அதாவது 0.5 என்று காட்டுமே அதை, தொடாதீர்கள். ஓரங்களை இழுத்துவிடும், நேரான தூண் சாய்ந்து தெரியும், ஐந்து வருஷம் கழித்து வேறு போனில் அதே படம் எடுக்கவே முடியாது. 1 என்று காட்டும் முதன்மை லென்ஸில் எடுங்கள். அழகூட்டும் வடிகட்டி எதுவும் வேண்டாம். பாசி பிடித்த கல்லைப் போன் தானாகவே பளிச்சென்று ஆக்கிவிடும், அப்புறம் அந்த வருஷம் பாசி எவ்வளவு இருந்தது என்று யாருக்கும் தெரியாமல் போகும்.

பழைய படம் எடுத்த அதே இடத்தில்தான் நிற்கிறேன் என்று எப்படி உறுதி செய்வது?

எல்லாரும் திணறும் இடம் இதுதான், ஆனால் ஒருமுறை கை வந்துவிட்டால் விட மனசு வராது. கேரளப் பக்கம் கழுதுருட்டியில் இருக்கும் பதின்மூன்று கண் ரயில் பாலத்தை வைத்துச் சொல்கிறேன். செங்கோட்டை - புனலூர் ரயில் பாதை 1904-இல் திறந்தது, மீட்டர் கேஜ். மலையைக் குடைந்தும் பள்ளத்தைப் பாலங்களால் கடந்தும் போகும் பாதை அது. அந்தப் பாதையின் அடையாளமே கருங்கல்லால் கட்டிய இந்தப் பதின்மூன்று வளைவுகள்தான். 2010-இல் மீட்டர் கேஜ் ரயிலை நிறுத்தி, அகலப் பாதை வேலை முடிந்து 2018-இல்தான் மறுபடி முழுப் பாதையும் திறந்தது. பாலத்தை இடிக்காமல் பலப்படுத்தி அதன் மேலேயே புதுப் பாதை போட்டார்கள். கொல்லம் சாலையில் நின்று பார்த்தாலே பாலம் முழுக்கத் தெரியும், அதனால் பழைய படங்களும் நிறையக் கிடைக்கின்றன.

பழைய படத்தில் கிட்டத்தில் இருக்கும் ஒரு பொருளையும் தூரத்தில் இருக்கும் ஒரு பொருளையும் தேர்ந்தெடுங்கள். இரண்டும் அசையாதவையாக இருக்க வேண்டும். என்னிடம் இருந்த மீட்டர் கேஜ் காலத்துப் படத்தில் மூன்றாவது வளைவின் இடது விளிம்புக்கு நேர் பின்னால் மலையின் ஒரு தாழ்வான மடிப்பு இருந்தது. சாலையோரமாக நடந்துகொண்டே அந்த மடிப்பையும் வளைவு விளிம்பையும் பார்த்தேன். வலது பக்கம் ஓரடி நகர்ந்தால் மடிப்பு விளிம்பைத் தாண்டி வலப்புறம் போகிறது, இடது பக்கம் நகர்ந்தால் உள்ளே ஒளிந்துகொள்கிறது. இரண்டும் படத்தில் இருக்கிற மாதிரியே சேர்கிற கோடு ஒன்றுதான் இருக்க முடியும். இன்னொரு ஜோடியைப் பிடித்தால், நீங்கள் அந்தக் கோட்டில் முன்னால் போக வேண்டுமா பின்னால் போக வேண்டுமா என்பதும் தெரிந்துவிடும். உயரமும் அப்படித்தான், கேமராவை உயர்த்தினால் கிட்டத்துப் பொருள் தூரத்துப் பொருளைவிடக் கீழே இறங்கித் தெரியும். பழைய புகைப்படக்காரர் கேமரா முக்காலியில் இடுப்பளவு வைத்து எடுத்திருக்கிறார் என்பதை நான் அப்படித்தான் கண்டுபிடித்தேன், குனிந்ததும் எல்லாம் சரியாக வந்து உட்கார்ந்தது.

ஜூம் கடைசியில்தான். நிற்கும் இடம் மட்டுமே பொருள்களுக்கு இடையிலான உறவைத் தீர்மானிக்கும், ஜூம் எவ்வளவு வெட்டி எடுக்கிறோம் என்பதை மட்டும்தான் மாற்றும். இது புரியாமல் முதலில் ஜூமைத் திருகித் திருகிப் பொருத்தப் பார்க்கிறவர்கள் நாள் முழுக்க நின்றாலும் பொருத்த முடியாது. பழைய படத்தைத் தாளில் அச்செடுத்து அதன் மேல் பேனாவால் நெடுக்கே ஒரு கோடு, குறுக்கே ஒரு கோடு போட்டுக்கொண்டு போங்கள், போன் திரையைவிட அது உதவும்.

சரி, இடம் கிடைத்துவிட்டது. அடுத்தவருக்காக அதை எழுதிவையுங்கள். ஜிபிஎஸ் எண் மட்டும் போதாது, அதில் சில மீட்டர் தவறு வரும். "மைல்கல்லிலிருந்து செங்கோட்டைப் பக்கம் பன்னிரண்டு அடி, சாலையின் வெள்ளைக் கோட்டுக்கு வெளியே, இடுப்புயரம்" என்று எழுதினால் உங்களுக்குப் பிறகு யார் வந்தாலும் நிற்கலாம். ஒன்றை மட்டும் மறக்காதீர்கள், தண்டவாளத்தில் ஏறுவது குற்றம், பாலத்தின் மேல் நடந்து எடுத்த படம் எதையும் யாரும் எனக்கு அனுப்ப வேண்டாம்.

எந்த மாதம், எந்த நேரம் நல்லது?

ஒப்பிட்டுப் பார்க்க எடுக்கிறீர்கள் என்றால் நல்ல நேரம் என்று ஒன்று கிடையாது, அதே நேரம்தான் உண்டு. பிப்ரவரியில் காலை எட்டு மணிக்கு எடுத்ததை மறுபடி பிப்ரவரியில் காலை எட்டு மணிக்கே எடுங்கள். குமரி மாவட்டத்துக்கு இரண்டு மழையும் உண்டு, ஜூனில் தொடங்கும் தென்மேற்கும் அக்டோபரில் தொடங்கும் வடகிழக்கும். இரண்டு மழைக்கும் பிறகு செடிகொடி ஒரு மண்டபத்தையே மூடிவிடும். நவம்பர் படத்தையும் மார்ச் படத்தையும் பக்கத்தில் வைத்துவிட்டு "ஐயோ காடு மண்டிவிட்டது" என்று எழுதுகிறவர்களைப் பார்க்கிறேன், மார்ச்சில் எடுத்திருந்தால் அது முன்பு இருந்த மாதிரியேதான் இருந்திருக்கும்.

தேக்கடிப் பக்கம் போகிறவர்கள் நீர்மட்டத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். 1895-இல் முல்லைப் பெரியாறு அணை வந்தபோது தண்ணீரில் மூழ்கிய மரங்களின் மொட்டைக் கட்டைகள் ஏரிக்குள் இன்னும் நிற்கின்றன. கட்டை எவ்வளவு வெளியே தெரிகிறது என்பதை வைத்தே ஒரு படம் கோடையா மழைக்காலமா என்று ஓரளவு சொல்லிவிடலாம்.

கல்வெட்டு எழுத்து படத்தில் தெரியவே மாட்டேன் என்கிறது. சாக்பீஸ் போட்டுத் தேய்க்கலாமா?

கூடாது. சாக்பீஸ், மாவு, எண்ணெய், தண்ணீர், கம்பித் தூரிகை எதுவும் வேண்டாம். சாக்பீஸில் எழுத்தை நிரப்பும்போது நீங்கள் எதை எழுத்து என்று நினைக்கிறீர்களோ அதைத்தான் நிரப்புகிறீர்கள், அடுத்து வருகிறவர் உங்கள் யூகத்தைத்தான் படிப்பார்.

வெளிச்சம் பக்கவாட்டில் விழ வேண்டும், அவ்வளவுதான் ரகசியம். சிதறால் மலைக்குப் போனால் செய்து பாருங்கள். மார்த்தாண்டத்திலிருந்து ஏழு கிலோமீட்டர்தான். திருச்சாரணத்து மலை என்பது பழைய பெயர். ஒன்பதாம் நூற்றாண்டில் சமணர்கள் இருந்த இடம், பாறை முகத்தில் தீர்த்தங்கரர்களும் பத்மாவதியும் அம்பிகாவும் வரிசையாகச் செதுக்கப்பட்டிருக்கிறார்கள். இந்தப் பகுதியை ஆண்ட ஆய் மன்னன் விக்கிரமாதித்த வரகுணனின் 28-ஆம் ஆட்சியாண்டில் குணந்தாங்கிக் குரத்தி என்ற சமணப் பெண்துறவி பொன் கொடுத்த செய்தி வட்டெழுத்து என்ற பழைய எழுத்தில் அங்கே இருக்கிறது. நேர் எதிரே நின்று ஃபிளாஷ் அடித்தால் வெறும் பாறைதான் வரும். சின்ன டார்ச் ஒன்றை எடுத்து, பாறையோடு ஒட்டினாற்போல் பக்கத்திலிருந்து அடியுங்கள். மழுங்கிப்போன கோடுகளில் நிழல் விழுந்து எழுத்து எழுந்து நிற்கும். இடமிருந்து ஒன்று, வலமிருந்து ஒன்று, மேலிருந்து ஒன்று என்று மூன்று படமாவது எடுங்கள், ஏனென்றால் வெளிச்சம் வரும் திசையிலேயே ஓடும் கோடு நிழல் காட்டாது. முதல் தடவை அந்த எழுத்துகள் அப்படி எழுந்து வந்ததைப் பார்த்தபோது டார்ச்சை அணைக்க மனசு வராமல் வெகுநேரம் அங்கேயே உட்கார்ந்திருந்தேன். ஆயிரத்து நூறு வருஷத்துக்கு முன் ஒரு பெண் கொடுத்த பொன்னுக்கு ரசீது அது.

அனுமதி வாங்க வேண்டுமா?

இடத்துக்கு இடம் மாறும். மத்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருக்கும் இடங்களில் கையில் பிடித்து எடுப்பதற்குப் பொதுவாகத் தடையில்லை, முக்காலி வைத்தால் முன்கூட்டியே அனுமதி வேண்டும். பத்மநாபபுரத்தில் கேமராவுக்குத் தனிச் சீட்டு வாங்க வேண்டும், திங்கட்கிழமை விடுமுறை. கோயில்களில் கருவறைப் பக்கம் கேட்காமல் கேமராவை எடுக்காதீர்கள். தனியார் விளைக்குள் (தோப்புக்குள்) இருக்கும் மண்டபம் என்றால் நிலத்துக்காரரைக் கேளுங்கள்.

ட்ரோன் வைத்திருப்பவர்கள் இந்தப் பக்கம் மிகவும் கவனமாக இருக்க வேண்டும். மகேந்திரகிரியில் இஸ்ரோ வளாகம், கூடங்குளத்தில் அணுமின் நிலையம், அப்புறம் காடும் கடற்கரையும். பறக்கவிடும் முன், எங்கே ட்ரோன் பறக்கலாம் என்று காட்டும் அரசின் டிஜிட்டல் ஸ்கை வரைபடத்தைப் பாருங்கள், சந்தேகம் இருந்தால் விட்டுவிடுங்கள்.

கண்ணகி கோயிலைப் பற்றி நிறையப் பேர் கேட்கிறார்கள். குமுளிக்கு மேலே மங்கலதேவி, பெரியாறு புலிகள் காப்பகத்துக்குள் இருக்கிறது. சித்ரா பௌர்ணமி அன்று ஒரே ஒரு நாள்தான் பொதுமக்களை விடுவார்கள். குமுளியிலிருந்து ஜீப்பில் போகலாம், கூடலூருக்கு அருகில் பளியன்குடியிலிருந்து மலையேறி நடக்கலாம். வேறு நாளில் போகக் குறுக்குவழி கேட்டு எனக்கு எழுத வேண்டாம். ஆனால் திரும்பத் திரும்பப் படமெடுக்கிறவர்களுக்கு இந்தக் கட்டுப்பாடே ஒரு வரம். வருஷத்தில் அதே நாள், ஏறக்குறைய அதே வெயில், அதே கோணம். ஐந்து வருஷம் விடாமல் போனால் இடிந்த சுவரின் கல் ஒவ்வொன்றும் எந்த வருஷம் எங்கே இருந்தது என்று உங்களிடம் கணக்கு இருக்கும்.

பழைய படங்கள் எங்கே கிடைக்கும்?

நூலகத்துக்கும் இணையத்துக்கும் போவதற்கு முன் அலமாரிக்குப் போங்கள், உங்கள் வீட்டு அலமாரி, பக்கத்து வீட்டு அலமாரி. கல்யாண ஆல்பம், பள்ளிக்கூடத்துக் குழுப்படம், கோயில் கொடை, ஞானஸ்நானம், புதுக் கார் வாங்கி அதன் முன்னால் நின்று எடுத்தது. யாரும் மண்டபத்தை எடுக்கவில்லை, ஆனால் மாப்பிள்ளை ஊர்வலத்துக்குப் பின்னால் மண்டபம் முழுசாக நிற்கும். செங்கோட்டையில் சங்கு முத்திரை உள்ள திருவிதாங்கூர் காலத்து நுழைவு வளைவின் ஒரு பழைய தோற்றம் எனக்குக் கிடைத்தது இப்படித்தான், ஒரு குடும்பம் குற்றாலம் போகும் வழியில் வண்டியை நிறுத்தி எடுத்த படத்தில்.

ஆல்பத்தைக் கேட்டு வாங்கிக்கொண்டு போகாதீர்கள். அங்கேயே, அவர்கள் கண்முன், ஜன்னல் வெளிச்சத்தில் நகல் எடுத்துவிட்டுக் கையோடு திருப்பிக் கொடுத்துவிடுங்கள். படத்தின் பின்பக்கத்தையும் எடுங்கள், ஸ்டுடியோ முத்திரையும் தேதியும் அங்கேதான் இருக்கும்.

நிலம் எப்படி மாறியது என்று பார்க்கக் கூகுள் எர்த்தில் பழைய செயற்கைக்கோள் படங்களை வருஷவாரியாக நகர்த்திப் பார்க்கும் வசதி இருக்கிறது. நாற்கரச் சாலை வேலையில் எந்தக் குளம் எவ்வளவு சுருங்கியது என்று இதில் துல்லியமாகத் தெரியும்.

ஊர்க்காரர்கள் சந்தேகமாகப் பார்க்கிறார்கள். எப்படிப் பேசுவது?

கேமராவைப் பையில் வைத்துவிட்டு டீக்கடைக்குப் போங்கள். கேள்வியை இடத்தைப் பற்றிக் கேட்காமல் ஆட்களைப் பற்றிக் கேளுங்கள். "இந்த மண்டபம் எந்தக் காலம்?" என்றால் யாருக்கும் தெரியாது. "இங்கே முன்பெல்லாம் யார் வந்து உட்காருவார்கள்?" என்று கேட்டால் அரைமணி நேரம் பேசுவார்கள். எல்லைக்கு அந்தப் பக்கம் சுமைதாங்கி என்றால் சிலருக்குப் புரியாது, சுமடுதாங்கி என்றோ அத்தாணி என்றோ கேளுங்கள். கேரளத்தில் அத்தாணி என்ற பெயரில் ஊர்களே இருக்கின்றன, கல் போன பிறகும் பெயர் நிற்கிறது.

நான் மேலே சொன்ன சுமைதாங்கிக்குப் பக்கத்து வீட்டில் ஒரு பாட்டி இருந்தார். மூன்றாவது தடவை போனபோது அவரே கூப்பிட்டார். "மக்களே, இந்தக் கல்ல எதுக்குப் படம் எடுக்க?" என்றார். சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, தான் சிறுமியாக இருந்தபோது அம்மாவோடு மரச்சீனிக் கிழங்கு சுமந்து சந்தைக்குப் போனதையும், அம்மா அந்தக் கல்லில் சுமையை மாற்றிவிட்டுத் தன் சும்மாட்டை அவிழ்த்து முகம் துடைத்ததையும் சொன்னார். அப்புறம் எழுந்து வந்து பலகைக்கல்லின் நடுவில் கையை வைத்துக் காட்டினார். அங்கே கல் கொஞ்சம் வழவழப்பாகக் குழிந்திருந்தது. நான் அதற்குள் அந்தக் கல்லைப் பத்துப் படமாவது எடுத்திருப்பேன், அந்தக் குழியைக் கவனித்ததில்லை. எத்தனை கூடைகளும் சாக்குகளும் உரசி வந்த குழி அது. அன்று அந்தக் குழியை மட்டும் கிட்டத்தில், காலை வெயில் சாய்ந்து விழும்போது எடுத்தேன், பாட்டியின் கையோடு. என்னிடம் உள்ள படங்களில் எதையாவது ஒன்றைத்தான் வைத்துக்கொள்ளலாம் என்றால் அதைத்தான் வைத்துக்கொள்வேன்.

படத்தை வெளியிடும்போது இடத்தைச் சரியாகச் சொல்லலாமா?

எல்லாருக்கும் தெரிந்த, காவலாளி இருக்கும் இடமென்றால் தாராளமாகச் சொல்லுங்கள். தனியாகக் கிடக்கும் சிலை, நடுகல், செப்பேடு இருப்பதாகப் பேச்சுள்ள மண்டபம் இவற்றுக்குச் சொல்லாதீர்கள். தாலுகா பெயரோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

நான் அடிபட்டுக் கற்றுக்கொண்டது இது. மலையடிவாரத்தில் ரப்பர் தோட்டத்துக்கு நடுவே ஒரு சின்னக் கல்மேடையும் அதன்மேல் உடைந்த சிலையும் இருந்தன. வழியோடு விவரமாக எழுதிப் படம் போட்டேன், நிறையப் பேர் பகிர்ந்தார்கள், எனக்கும் சந்தோஷமாக இருந்தது. நாலு மாதம் கழித்துப் போனபோது மேடையின் கீழ் ஆளுயரத்துக்குக் குழி. புதையல் இருக்கும் என்று யாரோ தோண்டியிருக்கிறார்கள். மேடைக் கற்கள் குழிக்குள் சரிந்து கிடந்தன, சிலையைக் காணவில்லை. என் படத்தைப் பார்த்துத்தான் வந்தார்களா என்று தெரியாது, ஆனால் அந்த வழியை விவரமாக எழுதியவன் நான் ஒருவன்தான். அன்றிலிருந்து படத்துக்குள் தானாகப் பதிவாகும் இடக்குறிப்பையும் நீக்கிவிட்டுத்தான் வெளியிடுகிறேன். முழு விவரம் என் நோட்டில் இருக்கிறது, ஆய்வாளர்கள் கேட்டால் நேரில் கொடுக்கிறேன்.

புதுப்பிக்கிறேன் என்று எல்லாவற்றையும் கெடுத்துவிடுகிறார்கள். மாற்றமே கெடுதல்தானே?

அப்படி ஒரே அடியாக நான் சொல்ல மாட்டேன். சிதறாலையே எடுத்துக்கொள்ளுங்கள், சமணர் பள்ளி பிற்காலத்தில் பகவதி கோயிலானது. அந்த மாற்றம் நடந்ததால்தான் ஊர் மக்கள் விளக்கேற்றிக்கொண்டிருந்தார்கள், பாறைச் சிற்பங்களும் தப்பின. புலியூர்க்குறிச்சி உதயகிரிக் கோட்டையைப் பாருங்கள். 1741 குளச்சல் போரில் திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்டவர்மாவிடம் பிடிபட்டு, பிறகு அவருடைய படைத்தலைவராகவே ஆன டச்சுக் கம்பெனி அதிகாரி டிலனாய் 1777-இல் இறந்து அங்கேதான் அடக்கமாகியிருக்கிறார், கல்லறையில் லத்தீனிலும் தமிழிலும் எழுதியிருக்கிறது, கல்லறை இருக்கும் தேவாலயத்துக்குக் கூரை கிடையாது. இப்போது கோட்டை வளாகம் வனத்துறையின் பல்லுயிர்ப் பூங்கா. பீரங்கி வார்த்த இடத்தில் பிள்ளைகள் ஓடியாடுகிறார்கள். எனக்கு அதில் வருத்தமில்லை.

ஆரல்வாய்மொழியும் அப்படித்தான். 1809 பிப்ரவரியில் திருவிதாங்கூர் திவான் வேலுத்தம்பி தளவாயின் கிளர்ச்சியை அடக்க வந்த கம்பெனிப் படை இந்தக் கணவாயில் இருந்த கோட்டை வரிசையைத்தான் உடைத்துக்கொண்டு உள்ளே புகுந்தது. இன்று அதே கணவாய்க் காற்றில் காற்றாலைகள் சுற்றுகின்றன. பக்கத்தில் காட்டாடிமலை, 1752-இல், கிறிஸ்தவத்துக்கு மாறிய தேவசகாயம் பிள்ளை சுட்டுக் கொல்லப்பட்ட இடம். 2022 மே மாதம் அவருக்குப் புனிதர் பட்டம் கொடுத்த பிறகு வரும் கூட்டமே வேறு. திருவட்டாறு ஆதிகேசவப் பெருமாள் கோயிலில் 418 ஆண்டுகளுக்குப் பிறகு 2022 ஜூலை 6 அன்று குடமுழுக்கு நடந்தது. அதற்கு முந்தைய வருஷப் படங்கள் உங்களிடம் இருந்தால் பத்திரமாக வைத்திருங்கள், அவை இனி எடுக்க முடியாதவை.

எனக்குக் கோபம் வருவது எதில் என்றால், கருங்கல் சிற்பத்தின் மேல் எனாமல் பெயின்ட் அடிப்பது, மணலைப் பீய்ச்சிக் கல்லைச் சுத்தம் செய்வது, சுண்ணாம்புச் சாந்து இருந்த இணைப்பில் சிமென்ட் பூசுவது. சுண்ணாம்பு ஈரத்தை வெளியே விடும், சிமென்ட் உள்ளேயே அடைத்துவைக்கும், அப்புறம் இணைப்புக்குப் பதிலாகக் கல்லே பொரிந்து உதிரும். மணல் வீச்சு ஒரு நாளில் உளிவேலையின் கூர்மையைக் கொண்டுபோய்விடும், அதைத் திருப்பிக் கொண்டுவர ஒரு வழியும் இல்லை. இதைச் செய்கிறவர்கள் பெரும்பாலும் பக்தியோடுதான் செய்கிறார்கள், அதனால் திட்டிப் பயனில்லை. இதே வேலை நடந்த வேறு இடத்தின் முன்னும் பின்னுமான படங்களை வேலை தொடங்குவதற்கு முன்பே கமிட்டிக்காரர்களிடம் காட்டுங்கள். நான் இரண்டு இடத்தில் காட்டினேன், ஒரு இடத்தில் கேட்டார்கள்.

ஏதோ ஒன்றை இடிக்கப்போகிறார்கள் என்று தெரிந்தால்?

முதலில் போய் எல்லாப் பக்கமும் படமெடுங்கள், அளவு தெரிய ஒரு ஸ்கேலோ குடையோ பக்கத்தில் வைத்து. அப்புறம் கிராம நிர்வாக அலுவலரிடம் சொல்லுங்கள். திங்கட்கிழமை கலெக்டர் அலுவலகத்தில் மக்கள் குறைதீர் நாள் நடக்கும், மனுவோடு படத்தையும் தேதியோடு இணைத்துக் கொடுங்கள், தொல்லியல் துறைக்கும் ஒரு நகல். பாதுகாக்கப்பட்ட சின்னமாக அறிவித்த இடமென்றால் சட்டம் உங்கள் பக்கம் பலமாக இருக்கிறது: 2010 திருத்தத்தின்படி, மத்தியப் பாதுகாப்பில் உள்ள சின்னத்தைச் சுற்றி 100 மீட்டருக்குள் புதுக் கட்டுமானம் கூடாது, அதற்கு அப்பால் 200 மீட்டருக்கு அனுமதி வாங்கித்தான் கட்ட வேண்டும். அறிவிக்கப்படாத வழியம்பலத்துக்கும் சுமைதாங்கிக்கும் அந்தப் பலம் இல்லை. அவற்றுக்கு ஊர்க்காரர்கள் இரண்டு பேர் வந்து நின்றால்தான் உண்டு.

படங்களை எப்படிச் சேமிப்பது?

மூன்று நகல், அதில் ஒன்று வேறு வீட்டில். கோப்பின் பெயரில் வருஷம், மாதம், நாள், இடம் இருக்கட்டும். ஒரு ஹார்ட் டிஸ்க்கை நம்பி இரண்டு வருஷப் படங்களை இழந்திருக்கிறேன், மீட்டுத் தருகிறேன் என்று பணம் வாங்கியவரும் வெறும் டிஸ்க்கைத்தான் திருப்பித் தந்தார். பொதுவில் பயன்படட்டும் என்று நினைப்பவை விக்கிமீடியா காமன்ஸ் என்ற பொது இணையப் படக் களஞ்சியத்தில் போடலாம்.

அந்தச் சுமைதாங்கி இப்போது எப்படி இருக்கிறது?

நிறையப் பேர் கேட்பதால் சொல்கிறேன். போன பிப்ரவரியில் போனேன், காலை எட்டு மணிக்கு. பலா மரம் இல்லை, அந்த இடத்தில் இரும்பு ஷட்டர் போட்ட கடை. பாட்டி காலமாகிவிட்டார், அவருடைய பேரன் இருக்கிறார். சாலைக்கு ஓரம் கட்டும்போது கல்லைப் பிடுங்கி அப்பால் போடவிருந்தார்களாம், இவர் ஒப்பந்தக்காரரிடம் என் பழைய படம் ஒன்றைப் போனில் காட்டி, அதைச் சுற்றி ஒரு முழம் விட்டுக் காங்கிரீட் போடச் சொல்லியிருக்கிறார். இப்போது கல்லைச் சுற்றிச் சின்னப் பள்ளம் மாதிரி இருக்கிறது, மழைத்தண்ணீர் தேங்குகிறது. அதற்கு ஒரு வடிகால் குழாய் போட முடியுமா என்று பார்த்துக்கொண்டிருக்கிறோம். சாலை மட்டத்திலிருந்து அளந்தேன், பலகைக்கல் நாலு ஜாண். பள்ளத்துக்குள் கையை விட்டு அடியிலிருந்து அளந்தால் ஐந்து.